மருத்துவச் சொல்லின் முன்னொட்டும் தமிழ் வழக்கும்

தமிழ்மொழி மூலம் உயிரியல் பயின்று உயர்தரப் பரீட்சையிலே சித்தியெய்தும் மாணவர் மருத்துவ பீடத்துட் புகும்போது இரண்டு வாயில்களை ஒருங்கே கடக்க வேண்டியவராகின்றனர். ஒன்று மருத்துவக் கல்வியின் வாயில். மற்றையது ஆங்கிலத்தின் வாயில். ஆங்கிலமென்று பொதுப்படக் கூறினோமாயினும், அவர்களைப் பெரிதும் இடர்ப்படுத்துவன ஆங்கிலப் போர்வையைப் போர்த்து வரும் கிரேக்க, இலத்தீன் சொற்களேயாம். இவ்விடரைத் தீர்க்கும்பொருட்டுப் பழைய மாணவர் புதிய மாணவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும் குறிப்புக்களுள் முதலிடம் பெறுவது ஒரு பட்டியல். இடப்புறத்தே முன்னொட்டு, வலப்புறத்தே அதன் தமிழ்ப்பொருள். ‘ஹைப்பர்’ என்றால் மிகை, ‘ஹைப்போ’ என்றால் குறை, ‘அன்ரி’ என்றால் எதிர், ‘டிஸ்’ என்றால் கடினம் என இவ்வாறு ஐம்பது அறுபது உருப்படிகள் அகரவரிசையிலே நிரைப்படுத்தப்பட்டிருக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம்மிடம் தமிழ் கற்றுச் சென்ற பிள்ளைகள் பலர் இப்பட்டியலைக் கொணர்ந்து காட்டி, வலப்புறத்துத் தமிழ் சரியோவென வினாவியதுண்டு. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பட்டியல் பயனற்றதென்று கூற யாம் துணியோம். முன்னொட்டு ஒரு திறவுகோல். ஒன்றை அறிந்தவன் நூறு சொற்களைத் திறக்கின்றான். ஆயினும் இப்பட்டியல் ஒரு தவறான எண்ணத்தையும் உடன்விதைத்து விடுகின்றது. ஒவ்வொரு முன்னொட்டுக்கும் நேரான தமிழ்ச்சொல் ஒன்று உண்டு, அதனைத் தமிழ்ப் பெயரின் தலையிலே ஒட்டிவிட்டாற் கலைச்சொல் பிறந்துவிடும் என்பதே அவ்வெண்ணம். தமிழின் இயல்பு அதுவன்று. முன்னொட்டுச் செய்யும் தொழிலைத் தமிழ் ஓரிடத்திலே சொல்லின் முதலிலும், ஓரிடத்திலே ஈற்றிலும், வேறோரிடத்திலே வினையின் உள்ளேயும் வைத்துச் செய்துகொள்கின்றது. எங்கே எவ்வாறு செய்கின்றதென்பதை அறியாதவர் கிரேக்கத்தையும் அரைகுறையாகவே அறிவர்.

கிரேக்க முன்னொட்டுக்களிற் பெரும்பாலன பெயருக்கு முன்னே நின்று இடத்தையும் திசையையும் உணர்த்தும் தனிச்சொற்களாக இருந்தவை. ‘பெரி’ என்பது சுற்றிலும், ‘எப்பி’ என்பது மேலே, ‘ஹைப்போ’ என்பது கீழே. இலத்தீனத்து ‘இன்ரர்’, ‘சப்’ முதலியனவும் அத்தகையனவே. தமிழிலோ இப்பொருளைத் தருஞ் சொற்கள் பெயருக்குப் பின்னே நிற்பன. ‘தோலின் கீழ்’, ‘தசையினுள்’, ‘விலாவெலும்புகளின் இடையே’ என்றே கூறுகின்றோம். ஆகவே கிரேக்கர் தலையில் வைத்ததைத் தமிழர் காலில் வைப்பது மொழிக்கு இயல்பான ஒழுங்கு.

எனினும் தமிழ் முன்வைத்தலை அறியாததுமன்று. ‘இல்முன்’ என்பது முன்றில் ஆயிற்று. ‘நகர்ப்புறம்’ என்பது புறநகர் ஆயிற்று. இலக்கணப்போலியென்று பள்ளியிலே நாம் கற்பிக்கும் இச்சிறு பகுதி கலைச்சொல்லாக்கத்துக்கு இத்துணை நெருங்கிய உறவினதென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இருவகை ஒழுங்கும் மொழியில் உள்ளனவாயின், எப்பொழுது எதனைக் கொள்வது? எமக்குத் தோன்றுவது இது. பெயர் பெறும் பொருள், அடிச்சொல் குறிக்கும் பொருளின் ஒருவகையே ஆயின், இடச்சொல் முன்னே நிற்கலாம். மேற்றோல் என்பது ஒருவகைத் தோல்; தோல்களுள் மேலுள்ளது. ஆதலின் ‘மேல்’ முன்வருதல் பொருந்தும். அடிச்சொல் ஓர் எல்லைக்கல்லாக மாத்திரம் நிற்குமாயின், இடச்சொல் பின்னே செல்லல் வேண்டும். மூளையின் ஒரு பகுதியை ஆங்கில நூல்கள் ‘ஹைப்போதலமஸ்’ என்கின்றன. அது தலமஸின் ஒருவகையன்று. தலமஸின் கீழே உள்ள வேறொரு பகுதி. நம் நாட்டுப் பாடநூல்கள் அதனைப் ‘பரிவகக்கீழ்’ என்றது மிகச் செம்மையான ஆக்கம். பட்டியலை மனனம் பண்ணிய மாணவன் ‘கீழ்ப்பரிவகம்’ என்றிருப்பான். அவ்வாறு கூறின், மேலொரு பரிவகம் கீழொரு பரிவகம் என இரண்டு உண்டென்று கொள்ள நேரும். ‘கீழ்’ என்னும் ஒரு சொல் நிற்குமிடம் மாறினால் உடற்கூறே மாறிவிடுகின்றது.

இவ்வாராய்ச்சி இந்நாட்டுக்குப் புதியதன்று. மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொடங்கிற்று. 1847 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்துசேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் தாமும் தமிழ் கற்று, தம் மாணவரின் துணையோடு மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1860களிலே வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். 1873 இலே தாயகந் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியைக் கைவிடாது, 1884 இலே மறைந்தார். அவருடைய சொல்லாக்கத்தைப் பாராட்டி எழுதியோர் பலர். ஆராய்ந்து எழுதியோர் சிலரே. முன்னொட்டு என்னும் ஒரு கோணத்திலிருந்து நோக்கின் அவருடைய நூற்பெயர்களே நமக்குப் போதிய சான்றாகின்றன.

உடலை அறுத்து ஆராயுங் கலைக்குக் கிரேக்கர் இட்ட பெயரிலே முன்னொட்டு உண்டு. ‘அன’ என்பது முற்றாக, மேலாக என்னும் பொருளது. ‘தொமே’ என்பது வெட்டுதல். கிறீன் இதனை மொழிபெயர்க்க முற்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வைத்திய மரபிலே வழங்கிய ‘அங்காதிபாதம்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் நம் இலக்கிய வழக்கை அறிந்த எவருக்கும் அப்பெயர் உடனே விளங்கும். அறுத்தல் என்னுங் கருத்து மறைந்தது. உறுப்புக்களை ஒழுங்காக அறிதல் என்னுங் கருத்து நின்றது. முன்னொட்டை இழந்தும் பொருளை இழக்கவில்லை. 1872 இலே வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ இப்பெயரைத் தாங்கியது.

இனி, எதிர்மாறானதொன்று. உடற்றொழிலியலுக்கும் சுகாதாரவியலுக்கும் வழங்கும் கிரேக்கப் பெயர்களிலே முன்னொட்டு இல்லை. கிறீனோ முன்னையதைச் ‘சுகரணம்’ என்றும் பின்னையதை ‘உற்பாலனம்’ என்றும் ஆக்கினார். சு, உத் என்னும் வடமொழி உபசர்க்கங்கள் இரண்டும் ஈண்டுக் குடிபுகுந்தன என்று கொள்ளலாம். மூலத்தில் இருந்த முன்னொட்டை நீக்கியவரே, இல்லாதவிடத்திற் புதிதாக இட்டுக்கொண்டார். எது நிலைத்ததென நோக்குக. சுகரணமும் உற்பாலனமும் இன்று நூற்பெயர்களாக மாத்திரம் நினைவிலுள்ளன. அங்காதிபாதமும் பாடநூலிலிருந்து நீங்கிவிட்டதேயெனினும், காதில் விழுந்த மாத்திரத்தே பொருள் தோன்றும் ஆற்றல் அதற்கு இன்றும் உண்டு. 1875 இலே வேதியியலுக்கு அவர் இட்ட ‘கெமிஸ்தம்’ என்ற பெயர் மூன்றாவதொரு வழியைக் காட்டுகின்றது. மொழிபெயர்ப்பு உதவாதவிடத்து ஒலியையே ஏற்று, அதற்குத் தமிழ் ஈறு கொடுத்துவிட்டார். அதிலே ஒரு நேர்மையுண்டு என்பது எம் கருத்து.

கிறீனுக்கும் அவர்தம் துணைவருக்கும் வடமொழி உபசர்க்கங்கள் கவர்ச்சியாகத் தோன்றியமைக்குக் காரணம் தெளிவானது. கிரேக்கமும் வடமொழியும் ஒரு குடும்பத்தன. ‘பெரி’யும் ‘பரி’யும், ‘ஹைப்பர்’உம் ‘உபரி’யும், ‘ஹைப்போ’வும் ‘உப’வும், ‘டிஸ்’உம் ‘துஸ்’உம், ‘அப்போ’வும் ‘அப’வும் உடன்பிறந்த சொற்கள். இன்மைப் பொருள் தரும் அகரமோ இரு மொழியிலும் ஒன்றே. கிரேக்கச் சொல்லை எடுத்து, பூட்டுக்குச் சாவிபோல வடசொல்லை அதனுள் இட்டுவிடலாம். அவ்வெளிமையே அதன் குறையுமாயிற்று. உத் என்னும் ஒலி தமிழ்ச் செவிக்கு யாதொரு பொருளையும் தருவதில்லை. முன்னொட்டின் பயனே, புதிய சொல்லைக் கண்டவுடன் பாதிப் பொருளையேனும் ஊகித்துக்கொள்ளச் செய்வதன்றோ? அப்பயன் இன்றேல், ஒரு புரியாத மொழியிலிருந்து மற்றொரு புரியாத மொழிக்கு மாறியதன்றி வேறில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே நிலைமை மாறிற்று. 1936 இலே சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு நம்நாட்டவராகிய சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். 1950களிலும் 1960களிலும் நம் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அகம், புறம், இடை, நுண், ஒரு, இரு என்னும் தனித்தமிழ் அடைகள் அக்காலத்தே முன்னொட்டின் தொழிலை ஏற்றன. ஒருவித்திலை, இருவித்திலை, நுண்ணங்கி என்பனவற்றை இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கூச்சமின்றிக் கூறுகின்றது. இவை வெற்றியான ஆக்கங்கள்.

எல்லாம் வெற்றியல்ல. உள்ளுறுப்புக்களை இயக்கும் நரம்புத் தொகுதியின் இரு பிரிவுகளுள் ஒன்றுக்குப் ‘பரிவு’ என்று பெயரிட்டனர். மற்றையதற்கு ‘பரபரிவு’ என்றனர். கிரேக்கத்து ‘பரா’ என்பது பக்கத்தே என்னும் பொருளது. அதனைத் தமிழாக்காது ஒலியளவிலே விட்டமையின், தமிழ்ச் செவி அதிலே பரபரப்பையே கேட்கின்றது. உண்மையிலோ பரபரப்பு வேளையில் இதயத்தை விரைவுறச் செய்வது பரிவு நரம்பு. அதனைத் தணித்து மெதுவாக்குவது பரபரிவு நரம்பு. பெயர் ஒன்றைச் சொல்ல உறுப்பு வேறொன்றைச் செய்கின்றது. பரீட்சையிலே இவ்விரண்டையும் மாறி எழுதும் மாணவரை யாம் முற்றாகக் குறைகூறோம். குற்றத்திற் பாதி பெயரிட்டவருடையது.

இதற்கு மாறாக, மூலச்சொல்லினும் தமிழ்ச்சொல் சிறந்து விளங்கும் இடமும் உண்டு. நோய்க்கிருமி போன்ற பிறபொருள் உடலுட் புகுங்கால் அதனை எதிர்க்க உடல் ஆக்கும் பொருளை நாம் ‘பிறபொருளெதிரி’ என்கின்றோம். அதனை ஆக்கும்படி தூண்டும் பொருள் ‘பிறபொருளெதிரியாக்கி’. ஆங்கிலத்திலே முன்னையது ‘அன்ரிபொடி’, பின்னையது ‘அன்ரிஜென்’. ‘அன்ரி என்றால் எதிர்’ என்று மனனம் பண்ணிய மாணவன் இரண்டும் எதிர்ப்பனவே என்று முடிவு செய்வான். அவன்மேற் குற்றமில்லை, முன்னொட்டு அவ்வாறுதான் கூறுகின்றது. வரலாறு வேறு கூறுகின்றது. ஹங்கேரிய ஆய்வாளரொருவர் 1899 இலே வழங்கிய அச்சொல், ‘அன்ரிசொமற்றோஜென்’ என்னும் நீண்ட சொல்லின் சுருக்கம். எதிர்ப்பொருளைப் பிறப்பிப்பது என்பதே அதன் பொருள். நடுவிலிருந்த பகுதி உதிர்ந்துபோக, ‘எதிர்’ என்பதும் ‘பிறப்பிப்பது’ என்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொய்ப்பொருள் தருகின்றன. தமிழிலே அப்பகுதி உதிரவில்லை. ‘எதிரி’யை ஈற்றில் வைத்து, அதன்மேல் ‘ஆக்கி’யை ஏற்றிய நம் சொல் நீளமானதே. நாக்குச் சற்று இடறும். ஆயினும் மயக்கந் தருவதன்று.

இதுகாறும் அறிஞர் ஆக்கிய சொற்களைப் பற்றிக் கூறினோம். சொற்றொகுதி எதனையும் காணாத நம் பாட்டிமாருடைய வழக்கிலும் முன்னொட்டின் பொருள்கள் இருக்கின்றன. பட்டியல் எழுதுவோர் இவ்வழக்கைப் புறக்கணிப்பதே எமக்கு மிகுந்த வருத்தந் தருவது. ‘மைகிரேன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்க. கிரேக்கத்து ‘ஹெமிகிரேனியா’, அதாவது அரைமண்டை என்பது இலத்தீனத்திலும் பிரெஞ்சிலும் உருண்டு தேய்ந்து அவ்வடிவம் பெற்றது. ‘ஹெமி’ என்ற முன்னொட்டை எந்த மாணவனும் இன்று அதிலே கண்டுபிடிக்கமாட்டான். நம் மக்கள் ‘ஒற்றைத் தலையிடி’ என்கின்றனர். ஆங்கிலத்திலே தேய்ந்தொழிந்த முன்னொட்டு கொட்டாஞ்சேனைக் குடும்பப் பெண்ணின் பேச்சிலே பழுதின்றி இருக்கின்றது. உடம்பின் ஒருபுறம் இயங்காதொழியும் நோயைப் பாரிசவாதம் என்பதும் இவ்வகையினதே. பாரிசம் என்பது பக்கம்.

வயிற்றோட்டத்தை நோக்குக. கிரேக்கர் ‘டையா’ என்னும் முன்னொட்டைக் கொண்டு, ஊடாக ஓடுதல் என்றனர். வடமொழியாளர் அதிசாரம் என்றனர். ‘அதி’ மிகுதியையும் ‘சாரம்’ ஓடுதலையும் உணர்த்தும். தமிழர் முன்னொட்டு எதனையும் நாடாது, ஓடுமிடத்தைக் கூறி அமைந்தனர். மூவரும் ஓட்டத்தைக் கண்டனர். ஒருவர் வழியையும், ஒருவர் அளவையும், ஒருவர் இடத்தையும் கூறினர். இதனை ஒருமுறை விளக்கிக் கூறினால் ‘டையா’ என்பதை மாணவன் பின்னர் மறவான்.

‘டிஸ்’ என்பதற்குப் பட்டியல் ‘கடினம்’ என்ற ஒரே பொருளைத் தருகின்றது. தமிழ் வழக்கோ உறுப்புக்கு உறுப்பு வேறு சொல் வைத்திருக்கின்றது. குடலுக்கு ‘டிஸ்’ வந்தால் வயிற்றுளைவு. சிறுநீருக்கு வந்தால் சலக்கடுப்பு. மூச்சுக்கு வந்தால் மூச்சுமுட்டு. உளைவு வேறு, கடுப்பு வேறு, முட்டு வேறு என்பதை நோயுற்றவர் நன்கறிவர். கிரேக்கர் ஒரு முன்னொட்டினுள் அடக்கியதைத் தமிழர் நோவின் தன்மைக்கேற்ப மூன்றாக வகுத்தனர். ‘கடினம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விடுதியறைக்குச் செல்லும் இளம் மருத்துவர், தம் தாய் வீட்டிலே கேட்ட இம்மூன்று சொற்களையும் பட்டியலின் பொருட்டு மறந்துவிடுதல் நட்டமன்றோ?

கிரேக்க முன்னொட்டு மிகைப்படுத்திக் கூறும் இடமும் உண்டு. ‘அனீமியா’ என்பதை எழுத்தெண்ணிப் பொருள்கொள்ளின் குருதியின்மை என்றாகும். குருதி முற்றும் இல்லாத நோயாளி ஒருவரும் இலர். சோகை என்ற பழைய சொல்லோடு குருதியைச் சேர்த்துக் ‘குருதிச்சோகை’ என்ற நம் பாடநூலார், முன்னொட்டின் பொய்யை மொழிபெயர்க்காது விட்டனர். அது நன்று.

இனி, உயிரோடு தொடர்புடைய ஓர் இடத்துக்கு வருவோம். ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ என்னும் இரண்டும் பொருளில் வானமும் பாதாளமும் போன்றவை. ஒலியிலோ ஓரசையின் வேறுபாடுடையவை. ஈற்றுரகரத்தை ஆங்கிலேயர் பலர் விழுங்கிவிடுவர். நம்மவர் சிலரும் அவ்வழக்கைப் பின்பற்றுவர். நீரிழிவு நோய்க்கு இன்சுலின் ஏற்றிக்கொள்பவருக்குக் குருதியிலே வெல்லம் கூடுதலும் நேரலாம், குறைதலும் நேரலாம். நூறு மில்லிலீற்றர் குருதியில் 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதனைக் குறைவென்று கொள்வர். அப்பொழுது வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். நினைவோடிருப்பவருக்கு உடனே இனிப்புக் கொடுத்தல் வேண்டும். கூடியவிடத்துச் செய்யவேண்டியது வேறு. மருத்துவர் கூறிய ‘ஹைப்போ’வை வீட்டார் ‘ஹைப்பர்’ என்று கேட்டுக்கொண்டால், சீனி கொடுக்கவேண்டிய வேளையிலே சீனிப்போத்தலை ஒளித்துவைப்பர்.

தமிழிலே இம்மயக்கத்துக்கு இடமில்லை. வெள்ளவத்தை மருந்தகங்களிலே நின்று செவிகொடுப்பவர் யாரும் இதனைக் கேட்கலாம்: ‘சீனி ஏறிவிட்டது’, ‘சீனி இறங்கிவிட்டது’. ஈண்டு முன்னொட்டுமில்லை, பின்னொட்டுமில்லை. அவ்வேறுபாடு முழுவதும் வினையிலே அமைந்துவிட்டது. ஏறு, இறங்கு என்னும் இரண்டையும் தூக்கத்திலும் ஒருவர் மாறிக் கேட்கமாட்டார். ஆயின் பட்டியல் கற்ற இளைஞர் நோயாளியிடம் பேசும்போது என்ன செய்கின்றார்? ஒன்று, ‘உங்களுக்கு ஹைப்போ’ என்று கூறிவிடுகின்றார். அன்றேல் ‘குறை குருதிவெல்ல நிலை’ என்று வலப்புறத்துத் தமிழைத் தலையில் ஒட்டி ஒரு சொற்றொடர் ஆக்குகின்றார். முன்னையது கேட்பவருக்கு விளங்காது. பின்னையது விளங்கினும், பேசுபவர் தமிழரோவென்ற ஐயத்தைத் தரும். பரீட்சைத் தாளிலே ‘குருதிவெல்லக் குறைவு’ என்றெழுதுக. கட்டிலருகே நின்று ‘சீனி இறங்கிவிட்டது’ என்று கூறுக. முன்னொட்டைக் கற்றோமென்பதற்கு இவ்விரண்டும் தெரிந்திருத்தலே அளவுகோல்.

சிலர் ஒரு தடை எழுப்புவர். மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. 1870 இலே கொழும்பிலே மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலந்தொட்டு அவ்வாறே. 1978 இலே யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் அமைந்தபோதும் அதுவே மொழியாயிற்று. ஆகவே தமிழ்ச் சொல் எது எங்கே நிற்கவேண்டுமென்ற ஆராய்ச்சியாற் பயன் என்னையென்பர். ஆங்கிலத்தைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. ‘பரிவகக்கீழ்’ என்பதை விளங்கிக்கொண்டவன் ‘ஹைப்போதலமஸ்’ என்பதையும் விளங்கிக்கொள்கின்றான் என்பதே எம் கூற்று. மேலும், நோயாளி ஆங்கிலப் பாடநூல் கற்று வருவதில்லை.

கற்பிக்கும் முறையைப் பற்றி ஒன்று கூறுவோம். அகரவரிசையிலே ‘அ’ முதலாகத் தொடங்கி முன்னொட்டுக்களை ஒப்புவிக்கச் செய்தலை விடுத்து, ஓர் உறுப்பை நடுவே வைத்து அதனைச் சுற்றி முன்னொட்டுக்களை நிறுத்தலாம். இதயத்தைக் கரும்பலகையிலே வரைக. அதனைச் சூழ்ந்த பை ‘பெரி’. தசையின்மேல் ஒட்டிய படலம் ‘எப்பி’. அறைகளின் உட்புறத்தே படிந்த படலம் ‘என்டோ’. மூன்று முன்னொட்டும் மூன்று இடமாகக் கண்முன் நிற்கும். பின்னர் ஒவ்வொன்றையும் தமிழிலே கூறுமாறு வினாவுக. ‘சூழ்’ என்பது இதயத்துக்கு முன்வருமா பின்வருமா என்று பிள்ளைகள் தமக்குள்ளே வாதிடத் தொடங்குவர். எம் வகுப்பொன்றிலே ‘இதயஞ்சூழ்பை’ என்று ஒரு மாணவி கூற, ‘சூழிதயம்’ என்று மற்றொருத்தி மறுத்தாள். சூழிதயம் என்றால் இதயமே வேறெதனையோ சூழ்ந்து நிற்கும் என்று முதல்வள் விடையிறுத்தாள். அவ்விருவரும் அன்றைக்குக் கற்றது கிரேக்கமா, தமிழிலக்கணமா, உடற்கூறா என்று வகுத்துச் சொல்ல எமக்கு இயலவில்லை.